பட்டியல் வந்தது, கோப்பு வரவில்லை: ஃப்ரீபிஎஸ்டிக்கும் லினக்ஸுக்கும் இடையே என்எஃப்எஸ்

ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் சர்வர் ஒன்றிலிருந்த கோப்புறையை, வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் நெறிமுறையின் 3-ஆம் பதிப்பில் இரண்டு லினக்ஸ் கணினிகளுக்குப் பகிர்ந்திருந்தேன். முதல் கணினியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவதிலும் கோப்புறை மவுண்ட் ஆனது (அதாவது, கணினியோடு இணைந்தது), கோப்புகளின் பட்டியலும் வந்தது. ஆனால் சற்றே பெரிய கோப்பைத் திறந்தவுடன் நிரல் உறைந்துபோய், சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்ற வரியை இயங்குதளத்தின் மையமான கெர்னல் திரும்பத் திரும்பப் பதிவு செய்தது. ஃப்ரீபிஎஸ்டியும் லினக்ஸும் வெவ்வேறு யூனிக்ஸ் குடும்பங்கள் என்பதால் நான் முதலில் சந்தேகித்தது, எதை யாருக்குப் பகிர்வது என்று சர்வரில் எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத்தான். அதன் எழுத்துமுறை இரண்டிலும் வேறுதான் என்றாலும், பிழை அங்கே இருந்திருந்தால் மவுண்டே ஆகியிருக்காது என்பது எனக்கு உறைக்க ஒரு நாள் ஆனது.

அதற்குள் பெரிய தவறு ஒன்றைச் செய்திருந்தேன். உறைந்த நிரல்களைக் கொல்லவும் முடியாத எரிச்சலில், மவுண்ட் விருப்பங்களில் 'ஹார்ட்' (பதில் வரும்வரை விடாமல் முயல்வது) என்பதை 'சாஃப்ட்' (கெடு முடிந்ததும் கைவிடுவது) என்று மாற்றி, காலக்கெடுவையும் 100 என்று குறைத்தேன். (அந்த எண் நொடியில் பத்தில் ஒரு பங்கைக் குறிப்பது, ஆகவே அது 10 நொடிதான்.) உறைவது நின்றது. ஆனால் கெடு முடிந்ததும் கெர்னல் பிழையைத் திருப்பியதைக் கவனிக்காத என் காப்புநகல் ஸ்கிரிப்ட், சர்வரில் பூஜ்ஜிய பைட் கோப்புகளை வரிசையாக உருவாக்கிவிட்டு, வெற்றி என்று அறிவித்துக்கொண்டிருந்தது. எழுதும் மவுண்ட்டுக்கு 'சாஃப்ட்' விருப்பத்தை இனி நான் தொடவே மாட்டேன்.

'ஹார்ட்' நிலைக்குத் திரும்பி, இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் வலையில் போகும் பாக்கெட்டுகளை (தரவுப் பொட்டலங்களை) காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டியபோதுதான் வழி தெரிந்தது. கோப்பை எழுத முயன்றபோது லினக்ஸ் முனையிலிருந்து ஒரே பெரிய பாக்கெட் மீண்டும் மீண்டும் கிளம்பியது. சர்வர் முனையில் அது தென்படவே இல்லை. துண்டாக்கக் கூடாது என்ற கொடியுடன் பிங் என்ற சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பினேன்: 1472 பைட் (தலைப்புகளுடன் 1500) போய்த் திரும்பியது, 8972 பைட் (தலைப்புகளுடன் 9000) திரும்பவில்லை. சர்வரிலும் இரண்டு லினக்ஸ் கணினிகளிலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்று வைத்திருந்தேன். ஆனால் இரண்டாவது கணினிக்கு முன்னால் கூடுதலாக இருந்த வலையமைப்பு ஸ்விட்ச் 1500-க்கு மேற்பட்ட பாக்கெட்டை எந்த அறிவிப்புமின்றிக் கைவிட்டது. என்எஃப்எஸ் பயன்படுத்தும் டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் தத்தம் அளவை மட்டுமே சொல்லிக்கொள்வதால், இடையிலிருந்த தடை எவருக்கும் தெரியவில்லை. சிறிய பதிலுக்குள் அடங்கிய பட்டியல் வந்ததும், கோப்பு வராததும் அதனால்தான். கோப்புகளை நகலெடுக்கும் வேறொரு கருவியான எஸ்சிபி வழியே ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்திருந்தால் அதுவும் நின்றிருக்கும், என்எஃப்எஸ் மீது பழி போட்டிருக்க மாட்டேன். மூன்று கணினிகளிலும் எம்டியுவை 1500-க்கு இறக்கினேன்.

அதன்பின், ஒரே கோப்பை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்கும் கோப்புப் பூட்டு கேட்ட நிரல் ஒன்று காத்தே கிடந்தது. ஃபயர்வாலில் 111, 2049 ஆகிய போர்ட்டுகளையும் மவுண்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் மவுண்ட்டி-க்கு நிலையாக்கிய போர்ட்டையும் திறந்திருந்தேனே தவிர, பூட்டுகளைக் கவனிக்கும் லாக்டி, ஸ்டாட்டி ஆகியவற்றை மறந்திருந்தேன். அவற்றுக்கும் போர்ட் ஒதுக்குவதைவிட, பூட்டையும் 2049 வழியாகவே நடத்தும் என்எஃப்எஸ் பதிப்பு 4-க்கு மாறுவது மேல் என்று தோன்றியது. மாறியதும் எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளர் 'நோபடி' (யாருமில்லை) ஆனார். பயனர் பெயர்களைப் பொருத்தும் லினக்ஸின் ஐடிமேப்டி அமைப்பிலும் ஃப்ரீபிஎஸ்டியின் என்எஃப்எஸ்யூசர்டி-யிலும் ஒரே டொமைன் பெயரை எழுதியதும் அது சரியானது. எஞ்சியது, பூஜ்ஜிய பைட் கோப்புகளைத் தேடிப் பிடித்து, மூலத்திலிருந்து மறுபடியும் நகலெடுத்து, நகல் மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒப்பிடும் வேலை.