சிவப்பு ஓடுகிறது

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரின் ஆர்டரை ஆரம்பம் முதல் முடிவு வரை கவனிப்பவனாகச் சேர்ந்த முதல் வருடம். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் என் கையில் இருந்தது. இங்கிலாந்து பையரிடமிருந்து ஒற்றை வரியில் ஒரு மெயில்: ‘தி ரெட் இஸ் ரன்னிங்.’ எங்கள் ஆபீஸில் ரன்னிங் என்றால் தயாரிப்பில் இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கலர் ரன்னிங், எந்த லைன் ரன்னிங் என்று நாள் முழுக்கப் பேசுவோம். அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, ‘ஆமாம், இந்த வாரம் முடிந்துவிடும்’ என்று பதில் போட்டேன்.

அவர்கள் சொன்னது, சாயம் இறங்குகிறது என்று. சாம்பிளைத் துவைத்ததில் வெள்ளைப் பட்டை ரோஸ் நிறமாகியிருந்தது. மூன்று நாள் கழித்து போன் வந்தபோது பாதித் துணி கட்டிங் முடிந்துவிட்டது. “துணியை முதல்ல லேபுக்கு அனுப்புப்பா” என்றார் ஓனர். அங்கே ஆறு வகை இழை கொண்ட பட்டையைச் சேர்த்துத் துவைத்து, படிந்த கறையை கிரே ஸ்கேல் என்ற சாம்பல் நிற அளவுகோலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 5 என்றால் கறையே இல்லை. பையர் கேட்டது 4. எங்களுக்குப் பருத்தியில் 2-3. நூலோடு சேராமல் தங்கிய சாயத்தை டையிங்கில் சோப்பு போட்டு முழுதாக அலசி எடுக்கவில்லை.

சாயத் தவறு டையிங்கினுடையது. மூன்று நாள் போனது என்னால். அது வெகு நாள் உறுத்தியது.

ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 600க்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன். நம் ‘ஓடு’ம் சளைத்ததில்லை. மெஷின் ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடுகிறது. இவ்வளவு தூரம் இரண்டும் சேர்ந்தே வருவதால்தான் ரன் தெரிந்த சொல் என்று நம்பிவிடுகிறோம். சாயத்துக்கு வரும்போது பிரிந்துவிடுகின்றன. தமிழில் சாயம் போகும், இறங்கும், ஓடாது. ஆங்கிலத்தில் ‘ஓடும்’ மூக்கு நமக்கு ஒழுகும். தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ஓடுகிறார்கள்’. பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப் போல நிற்கிறார்கள்.

கடினமான சொல் வந்தால் யாரும் அகராதியைப் பார்த்துவிடுவார்கள். அதனால் புதிதாகச் சேருபவர்களுக்கு ரன், செட், டேக் மூன்றையும்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன மாதம் ஓர் அமெரிக்க பையர், ஸ்லீவில் ‘ரன்’ இருப்பதாக எழுதியிருந்தார். புதிதாக வந்த பெண் பதில் போடாமல் என்னிடம் வந்தாள். “சார், இது சாயமா?” சாம்பிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். ஒரு கண்ணி விட்டுப்போய், ஏணிப்படி மாதிரி கீழே வரை பிரிந்திருந்தது.