புல்வெளியின் புத்தாண்டு

கசாக் மக்களின் வசந்தப் புத்தாண்டான நௌரிஸ், 1926இல் சோவியத் ஆட்சியால் தடை செய்யப்பட்டு, 1988இல்தான் மீண்டும் பொதுவெளிக்கு வந்தது. மார்ச் 21 முதல் 23 வரை கசாக்ஸ்தானில் விடுமுறை. இறைச்சி, தானியம், பால், உப்பு, நீர் உள்ளிட்ட ஏழு பொருள்கள் சேரும் நௌரிஸ் கோஜே என்னும் கஞ்சியில், குளிர்காலத்துக்கென முன்பே அறுத்துச் சேமித்த குதிரை இறைச்சியின் எஞ்சிய பகுதியும் வசந்தத்தின் பாலும் ஒரே பாத்திரத்தில் கலப்பதை மிக அழகிய மரபாகக் கருதுகிறேன்.

என்னை இன்னும் ஆழமாகத் தொடுவது மேற்குக் கசாக்ஸ்தானின் வழக்கம். மங்கிஸ்தாவ் போன்ற பகுதிகளில் மார்ச் 14 அன்றே ‘கோரிசு’ தொடங்கிவிடுகிறது. இளையோர் மூத்தோரின் வீடுகளுக்குச் சென்று, இரு கைகளாலும் அவர்கள் கைகளைப் பற்றி வாழ்த்துப் பெறுகிறார்கள். ஆண்டு முழுதும் பேசாதிருந்தவர்களும் அன்று மனத்தாங்கலை மறந்து கைகோக்க வேண்டும் என்பதே அங்குள்ள எதிர்பார்ப்பு.