வெல் வுமன் கிளினிக்கில் இருந்து கொல்போஸ்கோப்பி வரை: துண்டு தவறாமல் போய் வருவது

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் பரிசோதனை என்றதும் பெண்கள் முதலில் கேட்பது, வலிக்குமா, யார் எடுப்பார்கள், வெட்கமாக இருக்குமே என்பதைத்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கிளினிக்குகளில் பெண்களுக்குத் துணையாக நின்ற எங்களுக்குத் தெரிந்தவரை, அந்தப் பத்து நிமிடத்தில் பெரிதாக எதுவும் பிழைப்பதில்லை. பிழைப்பது அதற்குப் பிறகு. ரிப்போட் வந்திருக்கும், எடுக்க ஆள் போயிருக்காது. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த துண்டு அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் கிடக்கும். பெரும்போக வெட்டு முடியட்டும், மகளின் பரீட்சை முடியட்டும் என்று ஒரு வருடம் ஓடிவிடும். அதனால் இங்கே பரிசோதனையைச் சுருக்கமாகவும், ரிப்போட்டுக்குப் பிறகு வருவதை விரிவாகவும் எழுதுகிறோம்.

வைரஸைப் பற்றித் தேவையான அளவு மட்டும். எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியவை ஏறக்குறைய 14. அவற்றில் 16, 18 என்ற இரண்டு மட்டுமே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணம். 6, 11 என்பவை பிறப்புறுப்பில் பாலுண்ணி போட வைக்கும், புற்றுநோய் ஆக்காது. தாம்பத்திய உறவு தொடங்கிய பெரும்பாலானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்க்கையில் ஒரு தடவையாவது இது தொற்றும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கியவர்களுக்குத்தான் பிரச்சினை. அதுவும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடம். இவ்வளவு நீண்ட இடைவெளி இருப்பதால்தான், புற்றுநோய் வருமுன்பே பிடிக்க ஒரு பரிசோதனை வைக்க முடிந்திருக்கிறது.

வெற்றிலை வட்டா இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கன்னத்துக்குள், நாக்கு ஓரத்தில் வரும் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் வெற்றிலையோடு போகும் பாக்கும் புகையிலையும்தான். எச்.பி.வி. பிடிப்பது அதற்கும் உள்ளே, டான்சில், நாக்கின் அடிப்பகுதி போன்ற இடங்களை. எச்.பி.வி. தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் பாக்கினால் வரும் ஆபத்து அப்படியேதான்.

எச்.பி.வி. தடுப்பூசி 2017இல் இலங்கையின் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. தரம் 6 படிக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்றுதான் தொடங்கினார்கள். காசு இல்லை. மேற்கையில் போடுவார்கள். காலையில் சாப்பிடாமல் போன பிள்ளைதான் பெரும்பாலும் மயங்கி விழும், அது மருந்தின் குணம் அல்ல, ஊசிப் பயம். சாப்பிட வைத்து அனுப்புங்கள், போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வைக்கச் சொல்லுங்கள். "பிறகு பிள்ளை பெறமாட்டாள்" என்ற கதை ஊரில் உலாவுகிறது. ஊசியில் இருப்பது வைரஸின் வெளி ஓட்டுப் புரதம் மட்டும். அதற்குள் மரபணு இல்லை, தொற்றாது, கருப்பையைத் தொடாது. அன்றைக்குப் பிள்ளை வரவில்லை என்றால் பேசாமல் விடாமல் ஊசிக் கார்டோடு உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குப் போய்க் கேளுங்கள். உறவு தொடங்குமுன் போட்டால்தான் முழுப் பலன், ஏற்கெனவே தங்கிய தொற்றை ஊசி வெளியேற்றாது. ஊசி போட்ட பிள்ளையும் வளர்ந்து 35 ஆனதும் பரிசோதனைக்கு வர வேண்டும், எல்லா வகைக்கும் அந்த ஊசி காப்பு இல்லை.

இனிப் பரிசோதனை. வெல் வுமன் கிளினிக், அதாவது சுகவனிதையர் கிளினிக், 1996 முதல் நடக்கிறது. 35 வயதுப் பெண்களை முக்கியமாகக் கூப்பிடுவார்கள், 45இல் திரும்பவும். உங்கள் பிரிவு மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேட்டில் பெயர் இருக்கும். அவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நீங்களே அவரிடம் நாள் கேட்கலாம். அங்கே பிரஷர், சீனி, மார்பு, தைரோயிட் எல்லாம் ஒரேயடியாகப் பார்த்துவிடுவார்கள்.

நாள் எடுக்கும்போது மாதவிடாய்க் கணக்கைப் பாருங்கள். தொடங்கிய நாளில் இருந்து பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடையில் வந்தால் நல்லது. முந்திய 48 மணித்தியாலத்துக்கு உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தோ கிரீமோ வேண்டாம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். சுத்தமாகப் போக வேண்டும் என்று கழுவிவிட்டு வருகிறவர்கள் அதிகம். அப்படிக் கழுவினால் பார்க்க வேண்டிய கலங்களும் போய்விடும். வெளியே வழக்கம் போல் குளித்தால் போதும். நோன்பு காலத்தில் மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த மாதக் கிளினிக் நாளைக் கேளுங்கள், அறிகுறி இல்லாதவருக்கு இதில் ஒரு மாதம் பெரிய விஷயமில்லை. பெண் ஒருவர்தான் எடுக்க வேண்டும் என்றால் நாள் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். பாவாடையோ தளர்ந்த கவுனோ உடுத்துப் போனால் முழுக்கக் களைய வேண்டி வராது. சலம் கழித்துவிட்டுப் படுங்கள்.

ஸ்பெக்குலம் என்ற கருவியால் வழியை விரித்து, கருப்பைக் கழுத்தைக் கண்ணால் பார்த்து, அதன் வாயைச் சுற்றிச் சின்னப் பலகைக் கரண்டியோ பிரஷோ வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கழுத்தின் வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கும் அந்த வட்டத்தில்தான் நோய் தொடங்கும், அதனால்தான் சுற்றுகிறார்கள். கலத்தின் உருவத்தைப் பார்க்கும் பப் டெஸ்ட் என்றால் எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் பூசி உடனே 95 வீத அற்ககோலில் போட வேண்டும். நம் வெக்கையிலும் மின்விசிறிக் காற்றிலும் அது சில விநாடியிலேயே காயும், காய்ந்த கலம் வீங்கி உருமாறிவிடும். எச்.பி.வி. டெஸ்ட் என்றால் பிரஷை மருந்து நீர் உள்ள சிறு போத்தலில் போடுவார்கள், கலத்தின் உருவத்தை அல்ல, வைரஸின் டி.என்.ஏ.யைத் தேடுவார்கள். உங்களுக்கு எடுத்தது இரண்டில் எது என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னால் எல்லாக் கேள்விக்கும் இதுதான் தொடக்கம்.

கிளினிக்கை விட்டு எழும்புமுன் இன்னும் மூன்று கேள்வி: ரிப்போட் எப்போது வரும், எங்கே வரும், யாரிடம் கேட்க வேண்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே கொடுங்கள். கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பின் கணவனின் முதலெழுத்து என்று இரண்டு விதமாகப் பதிந்து ரிப்போட் தேடி அலைவது நடக்கிற காரியம். தேசிய அடையாள அட்டை இலக்கமும் ஃபோன் நம்பரும் படிவத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சிம் மாற்றினால் மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ரிப்போட் கையில் வாங்கிய பிறகே பயணத்தைப் போடுவது நல்லது, அல்லது வீட்டில் நம்பிக்கையான ஒருத்தியின் நம்பரைக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாதமாகியும் சத்தமில்லை என்றால், "ஒன்றுமில்லை, அதனால்தான் கூப்பிடவில்லை" என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் பிடிக்காத வாசகம் இது ஒன்றுதான். கூப்பிடாததற்கு மாதிரி தவறியிருக்கலாம், நம்பர் பிழைத்திருக்கலாம்.

இனி ரிப்போட்டை வாசிக்கும் விதம். பப் ரிப்போட்டில் என்.ஐ.எல்.எம். என்றால் கோளாறான கலம் இல்லை. 'போதாது' என்று வந்தால் அது கெட்ட செய்தியும் இல்லை, நல்ல செய்தியும் இல்லை. கலம் போதவில்லை, இரத்தமோ அழற்சியோ மறைத்துவிட்டது. தொற்று இருந்தால் முதலில் மருந்து, பிறகு வழக்கமாக இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்றால் சந்தேகமான சிறு மாற்றம், எச்.பி.வி. டெஸ்டோ மறு பப் டெஸ்டோ சொல்வார்கள். எல்.எஸ்.ஐ.எல். என்பது மெல்லிய மாற்றம், பெரும்பாலும் தானாக மாறும், ஆனால் கண்காணிப்பு வேண்டும். எச்.எஸ்.ஐ.எல். என்றால் தாமதிக்காமல் கொல்போஸ்கோப்பி, அதாவது கருப்பைக் கழுத்தைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை. அதுவும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, முந்திய கட்டம்.

எச்.பி.வி. நெகட்டிவ் என்றால் அடுத்த 5 முதல் 10 வருடத்துக்குப் பெரிய நிம்மதி. பொசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். 16 அல்லது 18 என்று குறித்திருந்தால் பொதுவாக நேரே கொல்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். மற்ற வகை என்றால் முதலில் கலங்களைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

பொசிட்டிவ் வந்த வீட்டில் நோயைவிட வேகமாகச் சண்டை பரவும். ஆகவே இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து வாசிக்க வேண்டும்: வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. பல வருடம் ஒளிந்திருந்து பிறகு தலைகாட்டும். ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரும். ஆண்களுக்கென்று வழக்கத்தில் உள்ள எச்.பி.வி. டெஸ்ட் இல்லை, கணவனை எங்கும் சோதிக்க அனுப்பத் தேவையில்லை. வைரஸைக் கொல்லும் மாத்திரை கிடையாது, அப்படிச் சொல்லி விற்கும் கசாயத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆணுறை தொற்றைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. புகை பிடித்தால் வைரஸ் தங்கும் வாய்ப்புக் கூடும், அதை விடலாம்.

ஆஸ்பத்திரித் துண்டு கிடைத்தால் வி.ஓ.ஜி. (பெண் நோய், மகப்பேற்று நிபுணர்) கிளினிக் எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். வெல்லாவெளி, பட்டிப்பளை போன்ற படுவான்கரை ஊர்களில் இருந்து போகிறவர்களுக்கு விசாரிக்காமல் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண். மூலத் துண்டைக் கொடுக்குமுன் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

கொல்போஸ்கோப்பி என்பது கருப்பைக் கழுத்தைக் கருவியால் பெருக்கிப் பார்ப்பது, அந்தக் கருவி உடம்புக்குள் போகாது, வெளியே நிற்கும். 3 முதல் 5 வீத அசற்றிக் அமிலம், அதாவது வினாகிரி வகை, தடவி ஒரு நிமிடம் பொறுப்பார்கள், மாறிய இடம் வெள்ளையாகும். பிறகு அயடின் தடவினால் நல்ல தோல் மண்ணிறமாகும், மாறிய தோல் மஞ்சளாகவே நிற்கும். அயடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். சந்தேகமான இடத்தில் சில மில்லிமீற்றர் சதை எடுப்பார்கள், கிள்ளியது போல இருக்கும். இரத்தம் நிற்கப் பூசும் மருந்தினால் இரண்டு மூன்று நாள் கோப்பித் தூள் நிறத்தில் வடியும், பயப்பட வேண்டாம். பாட் ஒன்று கொண்டு போங்கள். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்: பார்ப்பது பாதுகாப்பு, சிகிச்சையைப் பெரும்பாலும் பேறுக்குப் பிறகு தள்ளுவார்கள்.

சதை ரிப்போட்டில் சி.ஐ.என். என்பது கழுத்துத் தோலில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம், 1 முதல் 3 வரை படி உண்டு. 1 வந்தால் பெரும்பாலும் கண்காணிப்பு மட்டும். 2, 3 வந்தால் சிகிச்சை. சி.ஐ.என். 3ஐ அப்படியே விட்டால் 30 வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோயாகும். வழக்கமான சிகிச்சை லீப்: மரக்க ஊசி போட்டு, மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தத் துண்டைச் சீவி எடுப்பார்கள். வேலை பத்து நிமிடம், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். கருப்பை அப்படியே இருக்கும், பிள்ளையும் பெறலாம். அடுத்த கர்ப்பத்தில் குறை மாதப் பேறு ஆபத்துச் சற்றுக் கூடும் என்பதால் அப்போது பார்க்கும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மூன்று நான்கு கிழமைக்கு உறவு, குளத்தில் இறங்கிக் குளிப்பது, நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் தூக்குவது எதுவும் வேண்டாம். பாட் ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்தால், காய்ச்சல் அடித்தால், நாற்றத்தோடு வடிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. பிறகு 12 மாதத்தில் மறு பரிசோதனை, அந்தத் தேதியையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

உறவுக்குப் பின் இரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு இடையில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் என்றாலும் கிளினிக் நாளுக்கும் ரிப்போட்டுக்கும் காத்திருக்கும் இந்த வரிசை உங்களுக்கு இல்லை. போன வருடம் பப் டெஸ்ட் நன்றாக வந்திருந்தாலும் சரி, நேரே வி.ஓ.ஜி.யைப் பாருங்கள். ஒரு தடவை எடுத்த பப் டெஸ்ட் தவறவிடுவது உண்டு.

கருப்பை எடுத்தவர்கள் கேட்பார்கள், எங்களுக்கும் வேண்டுமா என்று. கழுத்தோடு சேர்த்து எடுத்திருந்து, முன்பு சி.ஐ.என். போன்ற கோளாறும் இல்லாதவருக்குத் தேவையில்லை. கழுத்தை விட்டுவிட்டு எடுத்திருந்தால் வேண்டும். எது என்று ஞாபகம் இல்லாவிட்டால் ஒப்பரேஷன் செய்த இடத்து டயக்னோசிஸ் கார்டில் எழுதியிருக்கும், அதை எடுத்துக்கொண்டே கிளினிக்குக்கு வாருங்கள்.