நான்கு பொட்டலம் குறைந்த நாள்

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத் தியானத்துக்காக எங்கள் சபையார் ஏற்காட்டுக்குப் போனோம். அடிவாரம் தாண்டியதும் வேனில் கீர்த்தனை ஆரம்பித்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவது வருவதற்குள் பாதிப் பேருக்குத் தலைசுற்றல்; பாட்டு தானாக அடங்கிவிட்டது.

பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் காலைச் செய்தி என் பொறுப்பு. (ஆயர் கேட்டபோது ஒரு பேச்சுக்குத்தான் வேண்டாம் என்றேன்.) பீட்டர் பெர்சிவலை எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த மிஷனரி. 1850இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பைச் சபைகள் ஏற்றுக்கொள்ளவில்லை. அத்தனை உழைப்பும் ஒதுக்கப்பட்ட பிறகும் மனிதர் தமிழை விடவில்லை. 1874இல் 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்துத் தந்தார். 1882இல் இதே ஏற்காட்டில்தான் இறந்தார்.

அப்போஸ்தலர் பவுல் கடிதம் எழுதிய கொரிந்து சபையையும் தொட்டேன். 'யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள்' என்று பவுல் அவர்களைச் சொல்கிறார். இரண்டே அதிகாரம் தள்ளி அதே ஆட்களைக் குழந்தைகள் என்கிறார், பால்தான் கொடுக்க முடிந்தது என்கிறார். காரணம், பொறாமையும் வாக்குவாதமும். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் என்று வரங்கள் எல்லாம் இருந்தும் பூரண வயது, அதாவது முதிர்ச்சி, வரவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நான்கு பொட்டலம் குறைகிறது.

தக்காளிச் சாதம் கட்டும் பொறுப்பு சபையில் மூத்த ஒரு அம்மாவுடையது. எழுபதைத் தாண்டியவர். கூட்டத்தில் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதில்லை. "எண்ணிக்கைகூடச் சரியா வைக்கத் தெரியாதாம்மா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். தன் பொட்டலத்தை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஏரிப் பக்கம் ஆளனுப்பி மிளகாய் பஜ்ஜியும் பன்னும் வாங்கி ஒப்பேற்றினோம்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. வியாழன் இரவு இளைஞர் சங்கத்திலிருந்து நான்கு பேர் கூடுதலாக வருவதாக எனக்குப் போன் வந்தது. நான் அந்த அம்மாவிடம் சொல்லவே இல்லை.

தேடிப் போனேன். வேலி ஓரமாக நின்று பக்கத்துத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கிளையில் சிவப்பும் பச்சையும் கலந்து கிடக்க, சிவப்பை மட்டும் பறித்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார்கள். மற்றது பழுத்த பிறகு திரும்பவும் வருவார்களாம்.

தப்பு என்னுடையது என்றேன். 'பரவாயில்லை, அதெல்லாம் மனசுல வைக்கல' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கோவம் வந்துச்சு கண்ணு. நல்லாவே வந்துச்சு. அங்கயே நின்னா ஏதாச்சும் சொல்லிப்புடுவேன்னுதான் இங்க வந்தேன். இப்பத்தான் ஆறுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பசங்க சாப்டாங்களா?"

ஆவிக்குரிய முதிர்ச்சி என்றால் கோபமே வராத சாந்த முகம் என்று ஒரு படத்தை இத்தனை வருஷம் மனதில் மாட்டி வைத்திருந்தேன். அந்த முகத்தை நானே ஞாயிறுதோறும் போட்டுக்கொள்வேன், அது வேறு விஷயம். இவரோ கோபத்தை மறைக்கவுமில்லை, யார் மேலும் கொட்டவுமில்லை. 'முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்' என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதைப் பல தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அப்படி எண்ணாத ஒருவர் பக்கத்தில் நின்றதும், பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மாலை ஜெபத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். காலைச் செய்தியைவிடச் சின்னதுதான். ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இறங்கும்போது அவர் எனக்கு முன் இருக்கையில். கடைசி வளைவு தாண்டியதும் திரும்பினார்.

"அடுத்த தடவ யார் யார் வராங்கன்னு சீட்டுல எழுதிக் குடுத்துரு கண்ணு. உன் ஞாபகத்த நம்ப முடியாது."