தீர்த்தமலை: பிந்தி வந்த தீர்த்தம்

தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீர்த்தமலை, அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். இறைவன் தீர்த்தகிரீசுவரர், அம்பிகை வடிவாம்பிகை. அடிவாரத்தில் ஒரு கோயிலும் மலைமேல் ஒரு கோயிலும் உண்டு. இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று மலைமேல் ஐந்து தீர்த்தங்களைச் சொல்வார்கள்.

இராவணனை வதைத்துத் திரும்பிய இராமபிரான் இங்கே சிவபூசை செய்ய விரும்பிக் கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்பது தலபுராணம். பூசை வேளை நெருங்கியும் அனுமன் வந்து சேரவில்லை. இராமர் அம்பெய்தார், பாறை பிளந்து நீர் பெருகிற்று, பூசையும் குறித்த வேளையில் நடந்தது. பிறகு வந்து சேர்ந்த அனுமன், கொண்டுவந்த நீருக்கு இனி வேலையில்லை என்று கண்டு அதை வீசி எறிந்தான். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் இன்று அனுமன்தீர்த்தம் என்ற ஊராக இருக்கிறது. சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். முப்பத்தைந்தைக் கடந்த பிறகு கேட்டபோதுதான் என் மனம் இராமரை விட்டு அனுமன் பக்கம் போய் நின்றது.

நாங்கள் குழந்தைக்காகச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தோம். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு என் வயதுக்குக் குறைவு என்றும், தள்ளிப்போடாமல் டெஸ்ட் டியூப் முறைக்கு வந்துவிடுவது நல்லது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேன் பார்த்து, ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, முட்டைகளை வெளியே எடுப்பது என்று திட்டமிட்டு, முதல் சில ஊசிகளை வாங்கி வீட்டில் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்தாகிவிட்டது. அது 2020 மார்ச் மாதம். ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில் மருத்துவமனையிலிருந்து அழைத்து, புதிதாக யாருக்கும் சிகிச்சை தொடங்குவதில்லை, மறு தகவல் வரும்வரை காத்திருங்கள் என்றார்கள்.

அந்த முடிவில் நியாயம் இருந்ததை நான் மறுக்கவில்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் மார்ச் 17 அன்றே புதிய சிகிச்சைச் சுழற்சிகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்திருந்தது. ஐரோப்பியச் சங்கமும் அவ்வாறே அறிவுறுத்தியது. புதிய கிருமி கர்ப்பிணியையும் சிசுவையும் என்ன செய்யும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்பு உடைகளும் ஆட்களும் வேறு உயிர்களுக்குத் தேவைப்பட்டன. ஆனால் நியாயம் தெரிந்த துயரத்துக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடைப்பதில்லை. ஊரில் சாவு விழுந்துகொண்டிருக்கும்போது, இன்னும் கருவாகாத ஒரு குழந்தைக்காக எவரிடம் போய் அழுவது?

ஊசிகள் குளிர்பதனப் பெட்டியின் கதவோரத் தட்டில், கறிவேப்பிலைக் கட்டுக்கும் புளிச்சாந்துக் கிண்ணத்துக்கும் நடுவில், செய்தித்தாள் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரம்மாளிடம் அத்தை அதை இன்சுலின் என்று சொல்லிவைத்திருந்தார். மின்சாரம் போகும்போதெல்லாம் கணவர் எழுந்து சென்று, திறக்காமலே, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பார். அவர் எதுவும் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். அதே நாட்களில்தான், ஊரடங்கு முடிந்தால் பிரசவ வார்டுகளில் இடம் கிடைக்காது என்ற கேலிச் செய்திகள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவந்தன. சிரிக்கும் பொம்மை போட்டுவிட்டுப் போனவர்களில் நானும் ஒருத்தி.

ஜூன் மாதம் தமிழ்நாட்டை மண்டலங்களாகப் பிரித்தபோது தருமபுரி ஒரு மண்டலத்திலும் சேலம் வேறொரு மண்டலத்திலும் விழுந்தன. தொப்பூர் கணவாயைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். திருமணம், சாவு, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கே அது கிடைத்தது. எங்களுடையது எந்த வகையிலும் சேராமல் திரும்பி வந்தது. ஆடிப்பெருக்கன்றாவது அனுமன்தீர்த்தத்தில் தலை முழுகிவிட்டு வரலாம் என்று அத்தை நினைத்திருந்தார். அந்த ஆண்டு ஆடி 18, ஆகஸ்டு 2, ஞாயிற்றுக்கிழமை. தளர்வில்லா முழு ஊரடங்கு. செப்டம்பரில் கோயில்கள் திறந்தபோதும் தீர்த்தம் தெளிக்கக் கூடாது, பிரசாதம் கொடுக்கக் கூடாது என்பதே விதி. தண்ணீருக்காகவே பெயர் பெற்ற மலைக்குப் போய்த் தண்ணீரைத் தொடாமல் எப்படித் திரும்புவது என்று பயணத்தை ஒத்திவைத்தோம்.

அவ்வாண்டு இறுதியில் சிகிச்சை மீண்டும் தொடங்கி, முட்டைகள் எடுத்து, உருவான கருக்களைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்தார்கள். கருப்பைக்குள் வைக்க வேண்டிய நேரம் வந்தபோது இரண்டாம் அலை. ஆக்ஸிஜனுக்கு ஊரே அலைந்துகொண்டிருந்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடலாம் என்று 2021 ஜூலை 2 அன்றுதான் ஒன்றிய அரசு அறிவித்தது; அதுவரை பொறுப்பது நல்லது என்பது மருத்துவரின் எண்ணம். முட்டை இருப்பு குறைந்த பெண்களுக்கும் 180 நாள்வரை தாமதமானால் சிகிச்சையின் பலன் குறைவதில்லை என்று கண்ட ஓர் ஆய்வு 2020-இல் வெளியானதை எடுத்துச் சொல்லி அவர் தைரியப்படுத்தினார். அறிவுக்கு அது போதுமானதாக இருந்தது. நள்ளிரவில் விழித்துக்கொண்டு, 37-இல் பிரசவம் என்றால் பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கும்போது நமக்கு என்ன வயது என்று விரல் மடக்குகிறவளுக்குப் போதவில்லை. ஒருவழியாகக் கரு வைத்து, இரண்டு வாரம் கழித்து, கரு தங்கியதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையின் பீட்டா ரிப்போர்ட் வந்தது; அதில் ஒன்றுமில்லை.

அதன்பிறகுதான், 2022 பங்குனியில், மாசித் தேர்த்திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்த ஒரு வாரநாளில், நானும் கணவரும் அத்தையும் மலையேறினோம். அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு வெயிலுக்கு முன்பே படியில் கால் வைத்தோம். முழங்கால் வலிக்காரரான அத்தை நான்கு படிக்கு ஒருமுறை நின்று, "நீங்க போங்க கண்ணு, நான் மெல்ல வர்றேன்" என்பார், நாங்கள் போகமாட்டோம். படியோரத்து மரம் ஒன்றில் தொட்டில்கள் கட்டியிருந்தார்கள். ஒன்றைக் குனிந்து பார்த்தேன். பழைய சேலையின் ஜரிகைக்கரையைக் கிழித்துக் கட்டி, உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல்லைக் கிடத்தி, கல் உருண்டு விழாதபடி நூலால் குறுக்கே ஒரு முடிச்சும் போட்டிருந்தார்கள். அந்த முடிச்சைப் போட்டவளை எனக்குத் தெரியாது. அவளிடம் மட்டும் இந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி விளக்காமலே பேசியிருக்க முடியும் என்று தோன்றியது. அத்தை மஞ்சள் துணி கொண்டுவந்திருந்தார். கட்டச் சொல்வாரோ என்று பயந்தேன். அவர் அதை என் கையில் கொடுத்து, "உனக்குத் தோணுனா கட்டு" என்று மட்டும் சொன்னார். நான் கட்டினேன்.

இராம தீர்த்தம் உயரத்துப் பாறையிலிருந்து விழுகிறது. அருவியைப் போல் கொட்டுவதில்லை. காற்று அசைந்தால் தாரையும் அசைந்து வேறிடத்தில் விழும். முகக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்றவர்கள் தாரை போகும் பக்கமெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது தண்ணீர் தலையில் விழாமல் தோளில் விழுந்தது. கணவர் என் தோளைப் பிடித்து அரையடி இடப்பக்கம் நகர்த்தினார். குளிர்ந்த நீர் உச்சியில் இறங்கியதும், ரிப்போர்ட் வந்த அன்றுகூட வராத அழுகை வந்தது. நனைந்த முகத்தில் யாருக்கும் அது தெரியவில்லை என்று நினைத்தேன். அத்தைக்குத் தெரிந்திருக்கிறது, கரையேறியதும் தலையைத் துவட்டியவர் அவர்தான், என்னைத் துவட்ட விடவில்லை.

தீர்த்தகிரீசுவரர் சன்னிதியில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்ட குருக்கள், "என்ன வேண்டுதல்?" என்றார். அத்தை முந்திக்கொண்டு, "குடும்ப நலம் சாமி" என்று சொல்லிவிட்டார். கோயில் கோயிலாகப் போய் "பிள்ளை வரம்" என்று பலர் காதுபடச் சொல்லவைத்த உறவுகளுக்கு நடுவில், அவர் அன்று எனக்குச் செய்த உதவி அது. பிள்ளைக்குச் சிகிச்சை மருத்துவமனையில்தான். அதில் எங்கள் மூவருக்கும் குழப்பமில்லை. தள்ளித்தள்ளிப் போடப்பட்ட நாட்களை இறக்கிவைக்க ஓரிடம் வேண்டியிருந்தது, அதை மருத்துவமனையில் கேட்க முடியாது.

அனுமன்தீர்த்தத்தில் நீராடிவிட்டு மலைக்கு வருவதுதான் முறை என்பார்கள். வெயிலுக்கு அஞ்சி நாங்கள் மாற்றிச் செய்தோம். திரும்பும்போதுதான் அங்கே போனோம். பெண்ணையில் நீர் மெலிந்திருந்தது. கரையில் ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தது. அத்தையிடம் நான் கேட்டேன்: "வேளைக்கு வராத தண்ணியத்தானே வீசிட்டான்? அதுல ஏன் குளிக்கிறோம்?"

"வீசுனாலும் கங்கை கங்கைதானே" என்று சொல்லிக்கொண்டே அவர் சேலையை இடுப்பில் செருகி இறங்கினார்.

உடை மாற்றிக்கொண்டு காரில் ஏறியதும், மீதமிருக்கும் உறைகருவை எப்போது வைக்கலாம் என்று கேட்கக் கணவர் மருத்துவமனைக்கு அழைத்தார். அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள்.