ரேஷன் கார்டில் பாப்பா பெயர் இல்லை: நாங்கள் பட்ட ஒன்பது நாள்

போன வருடம் ஆடியில்தான் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாலு வயது. ரெண்டு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரியானால் கால் வலிக்குது என்று அழுகை, அடிபடாமலே முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள். மதுரையில் சேர்த்து, எலும்பு மஜ்ஜை எடுத்து, ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வகை என்று சொன்னது வரை நாலே நாள். பிள்ளைகளுக்கு வரும் இந்த வகை பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் ரெண்டு வருடத்துக்கு மேல் மருந்து போகும், நடுவில் விடவே கூடாது என்று டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் ஏற்கெனவே இருந்தது, வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் என்ற தைரியத்தில் இருந்தோம். காப்பீட்டு மேஜையில் இருந்த தம்பி அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல பாப்பா பேரு இல்லையே" என்றார். அட்டை அவள் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. சேர்க்க வேண்டுமென்றால் ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். அதிலும் இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டது எங்கள் தப்புதான்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றுகிறவர். வண்டியை நிறுத்திவிட்டு வழங்கல் அலுவலகத்துக்கு ஓடினார். முதல் நாள், "ஒரிஜினல் கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஊருக்குப் போய் எடுத்துக்கொண்டு மறுநாள் போனால், அதே எழுத்தர் பிறப்புச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை பேரே இல்லாத சர்ட்டிபிகேட்டை வச்சு யாரைச் சேர்க்கிறது?" என்று கேட்டாராம். அவர் சொன்னது சரிதான், பெயர் என்ற இடம் வெறும் கோடாக இருந்தது. நகல் முதல் நாளே அவர் கையில்தானே இருந்தது, அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன?

பெயரைப் பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் சேர்க்க முடியும். பிரசவம் என் தாய்வீட்டில், அது வேறு மாவட்டம். வீட்டுக்காரர் அங்கே போன அன்று பொறுப்பாளர் லீவு. திங்கட்கிழமை போனால் அம்மா கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். நான் வார்டில் இருக்கிறேன்! ராத்திரி பஸ் பிடித்து வந்து தாளை நீட்டினார். ஒரு கையில் டிரிப்ஸோடு பாப்பா மடியில் தூங்க, டிபன் பாக்ஸ் மூடியை அடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெயர் விழுந்த பிறகு ரேஷன் கார்டும் கலெக்டர் ஆபீஸில் அட்டையும் சட்டென்று முடிந்துவிட்டன.

அந்த ஒன்பது நாளும் டாக்டர் மருந்தை நிறுத்தவில்லை, அதற்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் செலவு எங்களுடையது. என் சங்கிலி அடகுக்குப் போனது. அட்டைக்கு முன்னால் கட்டிய பணம் எங்களுக்குத் திரும்பி வரவில்லை, இதை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்குப் போடும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி நித்யகல்யாணியிலிருந்து எடுப்பது என்று நர்ஸ் அக்கா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வாசலில் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற செடி. எத்தனை பேர் எத்தனை வருடம் ஆராய்ச்சிக்குப் பணம் போட்டிருந்தால் அது ஊசியாகி என் பிள்ளை கைக்கு வந்திருக்கும்! 2030க்குள் உலகத்தில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. பணக்கார நாடுகளில் இப்போதே 80க்கு மேல். இந்த வித்தியாசத்துக்குப் பாதியில் நின்றுபோகிற சிகிச்சையும் ஒரு காரணம். எங்களுக்கு அடகு வைக்க ஒரு சங்கிலி இருந்தது, அதுவும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

காப்பீட்டு அட்டைக்கு, வருமானச் சான்றில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஐந்து நகல் எடுத்து வையுங்கள். சந்தேகம் என்றால் 1800 425 3993, காசில்லாத எண். அப்புறம், சிகிச்சைக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பரில் பிள்ளைக்கு முழு இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டாக்டர் சான்று வேண்டும்.

இப்போது மாத்திரைக் கட்டம், தலைமுடி முளைத்துவிட்டது. ஊசிக்குப் போகும்போதெல்லாம் வார்டில் புதிதாக வந்த அம்மாக்களிடம் ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். போன செவ்வாய் ஒரு பிள்ளை பெயர் இல்லை. அன்று சாயங்காலமே அந்த அம்மாவின் கையெழுத்தை வாங்கி, அவர் வீட்டுக்காரரை ஊருக்கு அனுப்பிவைத்தோம்.