அக்குளில் ஒலித்த கருவி

மார்பகக் கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்சியில் உறுதியானதும் எங்கள் ஊர் டாக்டர், "கட்டியோட அக்குள்ல இருக்கிற நெறி எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடலாம்மா" என்றார். நெறி என்றால் நிணநீர் முடிச்சு. அவர் மேல் குறை இல்லை. வேறு விதமாகச் செய்ய அங்கே வசதி கிடையாது. ஆனால் அக்குளை வழித்தெடுத்தால் கை வீங்குவது, மரத்துப்போவது, தோள் இறுகுவது என்று காலத்துக்கும் தொல்லை வரலாம். நான் தையல் மிஷினில் பிழைப்பவள். நோயோ வலது பக்கம்.

சென்னையில் பார்த்த சர்ஜன் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெறிகள் பெரிதாகத் தெரியவில்லை என்பதால் சென்டினல் நோட் பயாப்சி செய்யலாம் என்றார். கட்டியிலிருந்து கிளம்பும் செல்கள் நிணநீரோடு போய் முதலில் தங்குவது ஒன்றிரண்டு நெறிகளில். அவை சுத்தமாக இருந்தால் அதற்கு அப்பால் இருப்பவையும் பெரும்பாலும் சுத்தம்தான். அந்த முதல் நெறிக்குத்தான் சென்டினல் நோட் என்று பெயர். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

ஆபரேஷன் அன்று காலையில் நியூக்ளியர் மெடிசின் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். கதவில் மஞ்சள் நிறத்தில் கதிரியக்க முத்திரை. ஈயக் கவசத்துக்குள் வைத்த சின்ன சிரிஞ்சில் டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து. காம்பைச் சுற்றிய கறுப்புத் தோலில் போட்டார்கள். மிளகாய்ப்பொடி பட்ட மாதிரி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. "நல்லா தேய்ச்சு விடுங்க மேடம், அப்பத்தான் மேல ஏறும்" என்று டெக்னீஷியன் பெண் சொன்னார். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்துக் காமா கேமராவின் கீழே படுத்தேன். திரையில் ஊசி போட்ட இடம் பெரிய வெளிச்சமாகவும், அக்குள் பக்கம் சின்னதாக ஒரு புள்ளியும் தெரிந்தன. அதுதானாம் நாங்கள் தேடி வந்தது.

வீட்டில் பேத்தி இருக்கிறாளே என்று என் கணவருக்குப் பயம். மருந்தின் அளவு ரொம்பக் குறைவு, 6 மணி நேரத்தில் வீரியம் பாதியாகிவிடும், ஒரு நாள் போனால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று அந்தப் பெண்ணே கணக்குச் சொன்னார். கைக்குழந்தைகளும் மாசமாக இருப்பவர்களும் அன்றைக்கு மட்டும் தள்ளி இருந்தால் போதுமாம். எனக்கு அந்தக் கணக்கு வேறு கவலையைக் கொடுத்தது. தியேட்டரில் எனக்கு முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போனது. வீரியம் தீர்ந்துவிட்டால் மறுபடி ஊசியா? நர்ஸிடம் கேட்டேன். "மறுநாள் செஞ்சாலும் கருவி பிடிச்சுடும்க்கா, படுங்க" என்றார். முதல் நாளே ஊசி போட்டு மறுநாள் ஆபரேஷன் செய்யும் வழக்கமும் உண்டாம்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் சர்ஜன் அந்தக் கருவியைக் காட்டினார். காமா புரோப் என்று பெயர். தடித்த பேனா போல ஒரு குழல், அதிலிருந்து ஒரு ஒயர் எண்கள் ஓடும் பெட்டிக்குப் போகிறது. முனையில் கதிரை உணரும் படிகம். பக்கவாட்டுக் கதிர் நுழையாமல் சுற்றிலும் உலோகக் கவசம். மார்புப் பக்கம் திருப்பினால் ஊசி போட்ட இடமே கத்தும் என்பதால், முனையை எதிர்த்திசையில் சாய்த்துப் பிடித்து அக்குளில் மெல்ல நகர்த்தினார். ஒன்றிரண்டாக விழுந்த சத்தம் ஓரிடத்தில் கீச்சென்று ஏறியது. அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அதற்கு மேல் நடந்ததெல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது.

நீலச் சாயமும் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்று தவறினாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். வெளியே எடுத்த நெறியைத் தனியாகப் புரோபில் வைத்து எண்ணிப் பார்ப்பார்களாம். அதிகம் ஒலித்த நெறியின் எண்ணிக்கையில் 10 சதவீதத்துக்கு மேல் காட்டும் மற்ற நெறிகளையும் எடுக்க வேண்டும். கடைசியாகக் காலி இடத்திலும் ஒருமுறை வைத்துப் பார்த்து, சத்தம் அடங்கிய பிறகுதான் நிறுத்துவார்கள். எனக்கு 3 நெறிகள் வந்தன. இரண்டு நீலமாகவும் இருந்தன. மூன்றாவதில் நீலமே இல்லை, சத்தம் மட்டும்தான். ஆபரேஷன் நடக்கும்போதே நெறியை உறையவைத்துச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனில் மூன்றும் சுத்தம். பின்னால் வந்த முழு பேத்தாலஜி ரிப்போர்ட்டும் அதையே சொன்னது.

மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதும் அலறிவிட்டேன். சாயம் அப்படித்தான் வெளியேறுமாம்; இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோலில் நீலத் திட்டு மங்க மாதக்கணக்கானது. மேல்கையின் உள்பக்கம் கொஞ்சம் மரத்திருக்கிறது. சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியைச் செய்து கை முழுசாகத் தூக்க வந்துவிட்டது, மிஷினிலும் உட்கார்ந்துவிட்டேன்.

நெறியில் நோய் பரவியிருப்பது ஊசிப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டவர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அவர்களுக்குச் சிகிச்சைத் திட்டம் வேறு. மற்றவர்கள் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே ஐசோடோப்பும் (அந்தக் கதிரியக்க மருந்து) காமா புரோபும் உண்டா? இல்லையென்றால் சாயத்தை மட்டும் வைத்துச் சென்டினல் நோட் பார்க்கப் பழகிய சர்ஜன் இருக்கிறாரா?